மேல் கோட்டுக்கு மேலே அரை விரல்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. மலேசியாவில், கேமரன் மலையில் ரிங்லெட் டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். கணவருக்குத் தோட்டத்து ஃபேக்டரியில் மெஷின் ஓட்டும் வேலை. அம்மா தவறிய பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்காமல், தோட்டம் தோட்டமாக நம்மவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். ஜொகூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த என் அக்காள் கணவரிடம் அப்படிப்பட்டவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டுதான் இருந்தது. அவருக்கும் பெர்மிட் வரவில்லை. அக்காள் இங்கே பிறந்தவள். ஆனால் புருஷனும் பிள்ளைகளும் போகும்போது அவள் மட்டும் இருந்து என்ன செய்வாள்? பினாங்கில் கப்பல். வடக்கே போகும் ரயில் தாப்பா ரோடு ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நிற்கும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று தெரிந்தவர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. மாற்றலாகிப் போன தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, கிராணி ஒருவரிடம் வாங்கியது. என் கணவர் எதையும் இரண்டு தடவை பார்க்கிற ஆள். கதவைப் பூட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்ப்பார். அன்று காலை கிளம்புமுன் காரின் மூடியைத் தூக்கி, எஞ்சின் ஆயில் பார்க்கிற கம்பியை இழுத்துத் துடைத்து விட்டுப் பார்த்தார். எண்ணெய் கீழ்க்கோட்டில் நின்றது. நீண்ட இறக்கமாச்சே, மாமாவை வைத்துக்கொண்டு வழியில் நிற்கக்கூடாதே என்று டின்னில் இருந்ததை ஊற்றினார். பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். எங்கள் லைன் வீட்டு வாசல் முழுக்கச் சரிவு, கார் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். அக்காளுக்கென்று எடுத்து வைத்த பை காரின் பின்பெட்டியில் இருந்தது. தேயிலைத் தூள், பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி, அம்மாவின் சேலை ஒன்று.

ரிங்லெட்டில் டயருக்குக் காற்றடிக்க நிறுத்தினோம். அங்கே தரை சமம். வழக்கப்படி இவர் மறுபடி கம்பியை இழுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. எண்ணெய் மேல் கோட்டுக்கு மேலே அரை விரல் ஏறி நின்றது.

பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். தாமும் கார் வைத்திருந்தவராம்.

"தம்பி, இப்படியே எறங்குனீங்கன்னா சீலு தெறிச்சிரும். பாதி வழியில எஞ்சின் காலி லா," என்றார்.

அவர் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். இவர் அங்கேயே நின்றார்.

"என்னாங்க, இவ்ளோ தூரம் ஓடித்தானே வந்துச்சு? ஓடுற வரைக்கும் ஓடட்டும், வாங்க," என்றேன்.

"ஓடாம நின்னுச்சுன்னா? மாமாவ வச்சிக்கிட்டு அந்தக் காட்டுல நான் என்னா செய்வேன்? அஞ்சே நிமிஷம். கொஞ்சமா எறக்கிட்டு மூடிர்றேன்."

அப்பா இறங்கி ஓரமாக நின்றார். மருமகனின் வண்டி, மருமகனின் முடிவு என்று இருந்தார்.

காரைச் சாலையோரம், சாக்கடை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, ஸ்பேனரோடு அடியில் போனார். எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் வடிக்கிற நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் ஒழுகவிட்டு உடனே இறுக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்த வண்டி, எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. நட்டு கழன்றதும் விரல் மேல் கொட்டியது. கையை உதறினார். நட்டு உருண்டு சாக்கடையில் விழுந்தது. முதல் நாள் மழையில் தண்ணீர் சேறாக ஓடிக்கொண்டிருந்தது. இவர் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவ, அந்தப் பக்கம் எண்ணெய் முழுவதும் கறுப்பாகத் தாரை கட்டித் தரையில் வடிந்து தீர்ந்தது.

அரை விரல் அதிகமாக இருந்தது போய், சொட்டுக்கூட இல்லாமல் ஆயிற்று. பக்கத்துக் கடைகளில் அதே மாதிரி நட்டு கிடைக்கவில்லை. வாடகைக் கார் எல்லாம் காலையிலேயே இறங்கிவிட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் போனால் ரயில் போன பிறகுதான் போய்ச் சேருவோம். இவர் எரிந்த கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. மலையேறி வரும் சாலையையும் இறங்கிப் போகும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அப்போது முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று பிரிஞ்சாங் பக்கமிருந்து இறங்கி வந்து நின்றது. ஓட்டியவர் சீனர், நாற்பது வயதிருக்கும். தரையில் கிடந்த எண்ணெயைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். இவர் மலாயில் நடந்ததைச் சொன்னார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. நம் மக்களோடு பழகிய தமிழில் சொன்னார்.

"எண்ணெய் கொஞ்சம் கூட இருந்தா ஒண்ணும் ஆவாது லா. நெறைய ஊத்துனா தான் நொரை வரும், பொகை வரும். இப்ப எண்ணெய் இல்லை. இப்ப ஓட்ட முடியாது."

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "தாப்பா ரோடு ஸ்டேஷனு. எம் மக இந்தியா போறா."

லோரிக்காரர் வாட்சைப் பார்த்தார். "ரெண்டு பேர் ஏறு. சீக்கிரம்."

முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். இவர் காரோடு நின்றுவிட்டார். "நீங்க போங்க மாமா," என்றார், அவ்வளவுதான்.

பாரம் ஏற்றிய லோரி, வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டு இறங்கியது. மூங்கில் காடும் அருவியும் எப்போது கடந்தன என்று தெரியவில்லை. பாதி வழியில் அப்பா தன் கைகளைப் பார்த்து, "பைய கார்லயே விட்டுட்டமே பாப்பா," என்றார். லோரிக்காரர் திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டுச் சாலையைக் கவனித்தார்.

அவர் போக வேண்டியது கோலாலம்பூர் மார்க்கெட்டுக்கு. தாப்பா டவுனிலேயே எங்களை இறக்கிவிட்டிருக்கலாம். நிற்காமல் ஸ்டேஷன் சாலையில் திருப்பினார். நாங்கள் இறங்கும்போது ரயில் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. அவர் பின்னால் ஓடி, படுதாவைத் தூக்கி, இரண்டு முட்டைக்கோஸை உருவி அப்பாவின் கையில் திணித்தார். "மகளுக்கு," என்றார்.

அக்காள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தேடிக்கொண்டிருந்தாள். அப்பா முட்டைக்கோஸை உள்ளே கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார். பிள்ளைகள் எட்டிப் பார்த்தன.

"ஏம்பா இவ்ளோ நேரம்? எங்க, மாப்ள வரலியா?"

"கார்ல ஆயிலு கூடிப்போச்சும்மா."

"கூடிப்போனா என்னாப்பா?"

"ஒண்ணும் ஆவாதாம். லோரிக்காரரு சொன்னாரு. நொரை வந்தாதானாம் கஷ்டம். அது தெரியாம மாப்ள எறக்கப் போயி, எல்லாம் வடிஞ்சிருச்சி."

"அய்யோ. கைய கிய்ய சுட்டுக்கிட்டாரா?"

"சுட்டுக்கிச்சு. வெரலு ரெண்டும்."

"மருந்து போடச் சொல்லுப்பா."

ரயில் நகர்ந்தது. அப்பா கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். நடந்தபடியே, "புது நட்டு போட்டா சரியாயிரும்," என்று சத்தமாகச் சொன்னார். அக்காள் தலையாட்டினாள். பிறகு ஜன்னல் எது என்று தெரியவில்லை.

வெளியே வந்து பார்த்தபோது லோரி போயிருந்தது. நன்றி சொல்லவும் இல்லை, பெயர் கேட்கவும் இல்லை. அதன் பிறகு ரிங்லெட் சாலையில் முட்டைக்கோஸ் லோரியைப் பார்க்கும்போதெல்லாம் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பேன். அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

மறுநாள் தாப்பாவிலிருந்து நட்டு வாங்கி வந்து மாட்டினார்கள். கார் நன்றாகத்தான் ஓடியது. லோரிக்காரர் சொன்னதையேதான் கார் பழுது பார்க்கிற ஃபோர்மேனும் சொன்னார். கொஞ்சம் கூடினால் தெரியவே தெரியாது, கூடியதைப் பற்றிப் பதறாதீர்கள், ஆனால் சமமான இடத்தில் நிறுத்திப் பாருங்கள் என்றார். என் கணவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். இரண்டு விரலில் தழும்பு நின்றுவிட்டது. அப்பா அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அக்காள் திரும்பி வரவே இல்லை. அப்பா இங்கேயே இறந்தார். கப்பலேறுமுன் பினாங்கில் தங்கிய இடத்தில் அக்காள் அந்த முட்டைக்கோஸைப் பொரியல் செய்து சாப்பிட்டதாகப் பின்னால் தெரிந்தது. அப்பாவும் மகளும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு எஞ்சின் ஆயிலைப் பற்றியதாக ஆகிவிட்டதே என்று ரொம்ப நாள் எனக்கு மனம் ஆறவில்லை.

அதன் பிறகு எத்தனையோ பேரை வழியனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியது எதுவும் வாயில் வராமல், மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டு நிற்கும்போது, அன்று அந்த ஜன்னலருகே ஆயிலையும் நட்டையும் பற்றிப் பேசியதிலேயே அவர்கள் ஒன்றையும் சொல்லாமல் விடவில்லை என்றுதான் தோன்றுகிறது.