கொய்யா இலை

எளாவூர் செக்போஸ்ட்டில் போலீஸ் மெஷினில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். மாட்டினேன். நான் ஓட்டுவது கம்பெனி பஸ். அன்றைக்கு உள்ளே ஆள் இல்லை. அது ஒன்றுதான் நல்ல நேரம்.

கோர்ட்டில் அபராதம் கட்டினேன். லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்தம். கம்பெனி மேனேஜர், "குடிய விட்டதா சர்டிபிகேட் எடுத்துனு வா. அப்பதான் ஸ்டியரிங்" என்றார். திருவள்ளூர் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தேன். முப்பது நாள்.

மையத்து கேட் பக்கத்தில் ஒரு கொய்யா மரம். கை எட்டுகிற கிளையில் ஒரு இலை கிடையாது. மேலே மட்டும் அடர்த்தி. வந்து போகிறவர்கள் எல்லாம் நம்ம டிரைவர்கள்தான் என்று புரிந்தது. குடித்தால் கொய்யா இலை மெல்லுவோம். வாடை போய்விடும் என்று நம்பிக்கை. மெஷினிடம் அது செல்லாது. மாட்டின பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரம் கை நடுங்கியது. டீ கிளாஸுக்கு இரண்டு கை வேண்டும். பக்கத்துக் கட்டில் லாரிக்காரர், "இன்னா நைனா, கியர் விழலியா?" என்பார்.

"நியூட்ரல்ல நிக்குது" என்பேன்.

முப்பதாம் நாள். ஊதி, பூஜ்ஜியம் வந்தால் சர்டிபிகேட். கூட்டிப்போக மனைவி வருவதாகச் சொல்லியிருந்தாள். ஊதப் போகிறோம் என்ற நினைப்பில் கேட் பக்கம் போனேன். எம்பி நாலு இலை பறித்து மென்றேன். குடித்து ஒரு மாதம் ஆனது நினைவுக்கே வரவில்லை.

மெஷின் பூஜ்ஜியம் காட்டியது. கவுன்சிலிங் மேடம் மூக்கைச் சுளித்தார்.

"குடிக்கல. அப்புறம் எல எதுக்கு?"

"தெரில மேடம். கை தானா போச்சு."

"கை இன்னும் டூட்டியிலயே இருக்கு. பத்து நாள் சேத்து இரு."

வெளியே மனைவி நின்றிருந்தாள். கிட்டே போனதும் முகம் மாறியது.

"குடிச்சியா?"

"இல்லம்மே. மெஷினே சொல்லிச்சு."

"எனக்கு இன்னாத்துக்கு மெஷினு? இந்த வாடை வந்தா நீ குடிச்சிக்கினு வந்துக்கிறேன்னு அர்த்தம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தெரியும்."

இத்தனை வருஷமும் அவளை ஏமாற்றியதாக நினைத்திருந்தேன். அவள் தனியாக பஸ் ஏறிப் போனாள். திரும்ப வருவாளா, தெரியாது.

பத்து நாள் போனது. கேட் பக்கமே நான் போகவில்லை.

வந்தாள். சர்டிபிகேட்டை நீட்டினேன். பார்க்கவில்லை.

"ஊது."

ஊதினேன்.

"வெங்காயச் சட்னி" என்றாள். என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.