மென்று தின்ற களி

எனக்கு நோய் முதலில் பசியைப் போலத்தான் வந்தது. வெறும் வயிற்றோடு ஏர் ஓட்டினால் தொப்புளுக்கு மேலே நெருப்பு வைத்தது போல எரியும். ஒரு வாய் கேழ்வரகுக் களி உள்ளே போனால் அடங்கும். அதனால் ஓயாமல் தின்றேன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊரில் எனக்குச் சோத்துமூட்டை என்று பெயர். நானும் வயிற்றைத் தட்டித் தாளம் போட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பேன். புண் இருக்கும் இடத்தையே தட்டிக்கொண்டிருந்த அறிவாளி நான்.

ஒரு நாள் ரத்தமாக வாந்தி எடுத்தேன். மிஷன் ஆஸ்பத்திரியில் குடற்புண் (குடல் தொடங்கும் இடத்தில் ஆறாமல் நிற்கும் காயம்) என்றார்கள். முற்றிவிட்டதால் இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தைச் சிறுகுடலோடு தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "மெத்துனு இருக்கறதா சாப்பிடு" என்றார். அவர் தெற்கே நெல் விளையும் சீமைக்காரர். எங்களுக்குக் களியை விட மெத்தென்றது எது?

அங்கே ஆரம்பித்தது வினை. களி இறங்கிய சற்று நேரத்தில் நெஞ்சு படபடக்கும், உடம்பு வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும், வயிறு முறுக்கிப் பேதியாகும். பலவீனம் என்று நினைத்து என் மனைவி நஞ்சம்மா வெல்லத்தண்ணீர் கொடுப்பாள். அது இன்னும் மோசம். கடைசியில் தட்டைப் பார்த்தாலே பயம். பசி என்பதே மறந்துவிட்டது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. இப்படியே போனால் அடுத்த மழைக்கு நான் இருக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

ஊருக்கு மட்டும் தெரியவில்லை. காவேரிப்பட்டினத்தில் நஞ்சம்மாவின் அண்ணன் வீட்டு விசேஷம். நான் இலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாப்ள, எங்க வூட்டு சோறு எறங்கலியா?" என்றார் மச்சான்.

"எறங்குது மச்சான். எறங்கற வேகந்தான் பயமா கீது."

"ஆஸ்பத்திரில புண்ண எடுத்துட்டுக் கொழுப்ப வெச்சித் தைச்சிட்டாங்கடா."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். மானத்துக்காக ஒரு முழுக் களி உருண்டையை விழுங்கி, மேலே பாயசமும் குடித்தேன். இலையை விட்டு எழுந்திருக்கவில்லை, அப்படியே சாய்ந்தேன். கொழுப்பு என்று சொன்ன மச்சான்தான் என்னைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்.

"களிய எப்படிச் சாப்பிட்ட?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எல்லாரும் மாதிரிதாம்மா. உருட்டி, கொழம்புல தொட்டு, முழுங்கனன்."

"மெல்லவே இல்லையா?"

"களிய யாருமா மெல்லுவாங்க? பல்லுல ஒட்டிக்கும்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

நான் வாயைத் திறப்பதற்குள் நஞ்சம்மா குறுக்கே வந்தாள். "வெட்டத் தெரிஞ்சவங்களுக்கு, எப்பிடித் துன்றாருன்னு கேக்கத் தெரியலியாம்மா?"

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இரைப்பை வெறும் பை இல்ல. அதோட வாசல்ல ஒரு காவக்காரன் உண்டு, சாப்பாட்டக் கொஞ்சங்கொஞ்சமாத்தான் விடுவான். சாப்பாடு வந்ததும் குடல் ரத்தத்துல ஹார்மோன அனுப்பும். அது கணையத்தையும் பித்தப்பையையும் செரிக்கிற நீர விடச் சொல்லும். இரைப்பைய நிதானமா இருக்கச் சொல்லும். போதும்னு தோண வைக்கிறதும் அதுதானான்னு இன்னும் தேடிகிட்டிருக்காங்க. உனக்குக் காவக்காரன வெட்டியாச்சு. குடல் சொன்னாலும் கேக்க ஆளில்ல. மெல்லாத களியும் வெல்லமும் மொத்தமா விழுந்தா ரத்தத்துல இருக்கற தண்ணிய குடலுக்குள்ள இழுத்துக்கும். அதான் மயக்கம்."

ஹார்மோன் (ரத்தத்தில் கலந்து, ஓர் உறுப்பின் சேதியை இன்னோர் உறுப்புக்குக் கொண்டுபோகும் சாறு) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊர்க்காரர்களே, தின்றபோது சோத்துமூட்டை என்றீர்கள், தின்னாதபோது திமிர் பிடித்தவன் என்றீர்கள். உள்ளே ஒரு சொட்டுச் சாறு சொன்னதைக் கேட்க ஆளில்லாமல் தவித்ததற்கு என் குணத்தையா அளந்தீர்கள்? இதைக் கேட்கிறவர்களில் யாருக்காவது வயிற்றை வெட்டியிருந்தால் சொல்கிறேன்: மானத்துக்காக ஒரு வாய் கூட விழுங்காதீர்கள். கேட்காத டாக்டரிடமும் நீங்களாகச் சொல்லுங்கள்.

இப்போது கைப்பிடி அளவுதான் உண்கிறேன். இனிப்பு இல்லை, சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை, சாப்பிட்டதும் சற்றுப் படுக்க வேண்டும். களியை மென்றே தின்கிறேன். பல்லில் ஒட்டத்தான் செய்கிறது. முதல் தடவை மச்சான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரம் மாப்ள அரைப்ப?"

"உங்க தங்கச்சி தாலி கெட்டியா நிக்கிற வரைக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, தன் உருண்டையை விழுங்கினார்.

முன்பெல்லாம் எனக்குப் பொழுது என்றால் காலைக் களி, ராத்திரிக் களி. நடுவில் வேலை. இப்போது பொழுது கைப்பிடி கைப்பிடியாக உடைந்து கிடக்கிறது. பசி திரும்பி வந்திருக்கிறது, ஆனால் எரிப்பதில்லை. கதவுக்கு வெளியே நின்று இருமிக் கூப்பிடும் விருந்தாளி போல வருகிறது.

ஏரை நிறுத்தி, தின்றுவிட்டு, புளியமரத்தடியில் படுக்கிறேன். வரப்பில் போகிறவர்கள் சோம்பேறி என்கிறார்கள். பக்கத்தில் என் இரண்டு மாடுகளும் படுத்து, தின்றதை நிதானமாக அசைபோடுகின்றன. அவற்றை இதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.