வசனம் கசிந்த வருஷம்

டி.வி.யில் பேசுவதைக் கேட்டு, காது கேளாதவர்கள் படிப்பதற்காகத் திரையின் அடியில் ஓடும் வரிகளாக எழுதுகிற வேலையில், சரியாகச் செய்கிறவரை நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஆபீஸில் ஏதோ ஒன்று காணாமல் போனதும் எல்லாக் கண்ணும் தன் மேஜைப் பக்கம் திரும்புவதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக, சன்னிவேலில் இருந்த ஒரு சின்ன கம்பெனியில் நான் கழித்த ஒரு வருஷத்தைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொள்ளாச்சியிலிருந்து வந்து, கிரீன் கார்டு கைக்குக் கிடைத்தபின் நான் பார்த்த முதல் வேலை அது. எங்களிடம் வந்த நிகழ்ச்சிகளில் பெரியது ஒரு விண்வெளித் தொடர். பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷக் கடைசியில் கப்பலுக்கு வழி சொல்லும் நேவிகேட்டர் பெண் செத்துப்போகப் போகிறாள். இந்த ஒரு விஷயம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று ஸ்டுடியோ தவித்துக்கொண்டிருந்தது.

கையெழுத்து

சேர்ந்த முதல் நாள், என் மேலதிகாரி டோரீன் ஏழு பக்கத்தில் ஒரு பத்திரத்தை நீட்டினார். கதையை யாரிடமும் சொல்ல மாட்டேன், டேப்பையும் டிஸ்க்கையும் வெளியே கொண்டுபோக மாட்டேன், கிறுக்கிய காகிதத்தைக்கூடக் கிழித்துத்தான் போடுவேன் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். டேப் இருக்கும் அலமாரிக்கு ஒரு சாவி எனக்கும் கொடுத்தார்கள். பயம் வெளியே தெரியக் கூடாதென்று வேகமாக எழுதினேன். அதையும் அவர் கவனித்தார்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்: "தூக்கத்தில் பேசும் பழக்கம் உண்டா?"

மீதி மூன்று வார்த்தை

புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் நேயர் கடிதங்களைப் பிரித்துப் பதில் எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. பாராட்டி வந்தவை மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள், நாங்கள் எதையோ மறைக்கிறோம் என்று நம்பினார்கள். கெட்ட வார்த்தைகளை நல்ல வார்த்தைகளாக மாற்றிவிடுகிறோமாம். நகைச்சுவையைப் பாதி விழுங்கிவிடுகிறோமாம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆட்கள் வேகமாகப் பேசும்போது, படிப்பவர்களுக்கு நேரம் வேண்டுமே என்று நாங்கள் சில வார்த்தைகளை வெட்டுவோம். இதை விளக்கி நியூ ஜெர்சியில் இருந்த ஓர் அம்மாளுக்கு மரியாதையாக ஒரு பக்கம் எழுதினேன்.

ஒரு வாரத்தில் போஸ்ட்கார்டில் பதில் வந்தது: "அந்த ஆள் ஏழு வார்த்தைக்கு வாயை அசைத்தார், நீங்கள் நாலு கொடுத்தீர்கள், மீதி மூன்று யாரிடம் இருக்கிறது?"

தலையை மட்டும் ஆட்டுங்க

என் கணவர் செந்திலோடு ஒரே டீமில் வேலை பார்த்தவர் ரஹீம் பாய். கீழக்கரைக்காரர். அந்தத் தொடர் என்றால் அவருக்கு உயிர். அது ஓடுகிற சனிக்கிழமை மாலையில் போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். நான் அதற்குத்தான் வரி எழுதுகிறேன் என்று செந்தில் ஒருநாள் உளறிவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலே கேள்விதான்.

"சிஸ்டர், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே கேக்கறேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க. நேவிகேட்டர் போயிடுறாளா?"

"ரசம் ஊத்தட்டுங்களா பாய்?" என்றேன்.

"அப்ப டாக்டரா?"

"இன்னும் கொஞ்சம் சாதம் வெக்கறேன்."

கரண்டியைப் பிடித்திருந்த கை எந்தப் பக்கம் அசைந்தது என்றுகூட அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

கை கழுவிவிட்டு வந்து, வருத்தத்தோடு சொன்னார்: "நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கிறதுலயே அவ சாகப்போறான்னு தெரிஞ்சுபோச்சு சிஸ்டர்."

கதவு சாத்தும் சத்தம்

ஒரு வெள்ளிக்கிழமை காலை டோரீன் என்னைக் கூப்பிட்டு, இன்டர்நெட்டில் யாரோ போட்டிருந்ததை அச்செடுத்த காகிதங்களை மேஜைமேல் பரப்பினார். மறுநாள் மாலை ஒளிபரப்பாக வேண்டிய எபிசோட், வசனம் வசனமாக அதில் இருந்தது. நேவிகேட்டருக்குத் தீராத வியாதி என்று தெரியவரும் காட்சியும் இருந்தது. வசனம் மட்டும் என்றால் ஸ்டுடியோவில் யாரோ திருடினார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் நடுநடுவே 'கதவு சாத்தும் சத்தம்', 'தூரத்தில் இருமல்' என்று வரிகள் இருந்தன. அவற்றை நடிகர்கள் பேசுவதில்லை. எங்களைப் போன்றவர்கள்தான் எழுதுவோம்.

இன்னொன்றும் இருந்தது. வேரன் என்று ஒரு கிரகம். அந்த எபிசோடில் என் தமிழ்க் காதுக்கு அது 'வீரன்' என்றே கேட்டிருக்கிறது, அப்படியே இங்கிலீஷில் தட்டியிருக்கிறேன். நான் எழுதியதைச் சரிபார்க்கிற, பக்கத்து மேஜை பீட்டும் கவனிக்கவில்லை. அச்செடுத்த காகிதத்தில் ஆறு இடத்தில் 'வீரன்' இருந்தது. என் கைரேகையைப் பார்ப்பது போல இருந்தது.

ஸ்டுடியோவிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். சாந்தமான குரல், தடித்த ஃபைல். என் அலமாரிச் சாவியை டோரீன் வாங்கி வைத்துக்கொண்டார். அதுவரை தினமும் என்னோடு காபி குடித்த பீட், அன்று தன் கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

விசாரணைக்காரர் எல்லாம் கேட்டு முடித்து, பேனாவை மூடிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தது போல மெதுவாகச் சொன்னார்: "உங்கள் மொழியில் இந்த வார்த்தைக்கு அர்த்தம் உண்டாமே."

வீட்டு விசாரணை

அவரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த எபிசோடை எழுதிய வாரம் எனக்குக் காய்ச்சல். வேலை முடியாமல், எழுதிய வரிகள் இருந்த டிஸ்க்கைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு பகல் முழுக்க அது சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. அன்று செந்திலைப் பார்க்க ரஹீம் பாய் வந்திருந்தார். நான் உள்ளே படுத்திருந்தேன்.

"என்னங்க, நீங்க அந்த டிஸ்க்கை எடுத்தீங்களா?" என்று செந்திலைக் கேட்டேன். "என்னையே கேக்கற" என்றார். அன்று அதற்குமேல் அவர் பேசவில்லை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் சாப்பிடாமல் எழுந்து போனது அன்றைக்குத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தேகம் அப்படி நிற்க விடுமா? மறுநாள் ரஹீம் பாய்க்குப் போன் செய்து, சுற்றி வளைத்து, கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அந்த டிஸ்க்கை நான் பாத்தேன் சிஸ்டர். தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப ஆசையாத்தான் இருந்துச்சு, அதனாலதான் மேல நியூஸ்பேப்பரைப் போட்டு மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்."

டெக்ஸாஸிலிருந்து ஒரு புகார்

அடுத்த வாரக் கடிதங்களைப் பிரித்தபோது, டைப் அடித்த ஒரு கடிதம் டெக்ஸாஸில் காப்பெல் பக்கத்திலிருந்து வந்திருந்தது. எழுதியவர் ஹார்லன். ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பாளர், பிறவியிலேயே காது கேளாதவர். போன வருஷம் 'வேரன்' என்று எழுதினீர்கள், இந்த வாரம் 'வீரன்' என்கிறீர்கள், எது சரி என்று கேட்டிருந்தார். கவரைத் திருப்பிப் பார்த்தேன். தபால் முத்திரை புதன்கிழமை. எபிசோட் ஒளிபரப்பானதோ அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை.

மீதியை அவரே எழுதியிருந்தார், ஒளிவுமறைவு இல்லாமல். வீட்டுக்குப் பின்னால் பெரிய டிஷ் ஆன்டெனா வைத்திருக்கிறார். ஊர் ஊராக உள்ள டி.வி. நிலையங்களுக்கு ஸ்டுடியோ சில நாள் முன்னாலேயே சாட்டிலைட்டில் எபிசோடை அனுப்பும். அதை அவர் பிடித்துப் பார்க்கிறார். சில ஊர்களில் எங்கள் வரிகள் பாதியில் நின்றுவிடுமாம், இல்லை எழுத்துகள் குழம்பிப்போகுமாம். அந்த ஊர் நண்பர்களுக்காக எல்லாவற்றையும் உட்கார்ந்து தட்டி இன்டர்நெட்டில் போடுகிறார்.

கடிதத்தை ஒருநாள் முழுக்க என் பையிலேயே வைத்திருந்தேன். காட்டினால் எனக்கு விடுதலை, அவருக்கு அந்த சாட்டிலைட் நின்றுபோகும். செந்திலிடம் சொன்னேன். அதற்குள் நான் மன்னிப்புக் கேட்டிருந்தேன், அவரும் பேச ஆரம்பித்திருந்தார். "நீ காட்டலைன்னா உங்க ஆபீஸ்ல உன்னைப் பாக்கற பார்வை மாறாது. ஆனா காட்டுன்னு நான் சொல்ல மாட்டேன் கவிதா" என்றார். மறுநாள், கத்தரிக்கோலால் பெயரையும் விலாசத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, முத்திரையில் தேதி மட்டும் தெரியும்படி டோரீனிடம் கொடுத்தேன். டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோனதையும் சொல்லிவிட்டேன்.

வெட்டியதைப் பார்த்ததும் புதுச் சந்தேகம் வந்தது. இதைக் கவிதாவே டைப் அடித்திருக்கலாமே என்றார் பீட். கடைசியில் ஸ்டுடியோவில் யாரோ ஒரு டெக்னீஷியன் அந்த சாட்டிலைட்டைப் பிடித்து டி.வி.யில் போட்டுப் பார்த்தார். என் வரிகள், நான் எழுதியபடியே, அடியில் ஓடின.

விசாரணைக்காரர் எங்களுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் முதல்முறையாகத் தடுமாறியது: "படத்தை யாராவது திருடுவார்கள் என்று யோசித்தோம், அடியில் ஓடுவதை யாராவது படிப்பார்கள் என்று தோன்றவே இல்லை."

பூட்டு

டோரீன் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டிஸ்க்குக்காக எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கையும், கூடவே அலமாரிச் சாவியும் என் மேஜையில் இருந்தன. அடுத்த மாதத்திலிருந்து வெளியாட்கள் பிடித்துப் பார்க்க முடியாதபடி ஸ்டுடியோ அந்த சாட்டிலைட்டை மறைகுறியாக்கிவிட்டது. ஹார்லனின் டிஷ்ஷில் இனிமேல் வெறும் கோடுகள்தான்; மற்றவர்களைப் போல அவரும் சனிக்கிழமை டி.வி.யில்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமைகளில் அந்த நினைப்பு வரும். பொறுக்காமல் அவருக்கு எழுதினேன்: விலாசத்தைக் கொடுக்கவில்லை, ஆனால் கடிதத்தைக் காட்டியது நான்தான். அவருடைய நண்பர்களின் ஊர்களில் வரிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஒவ்வொரு டி.வி. நிலையத்துக்கும் கம்பெனி தாளில் எழுதிக் கேட்டேன். டோரீன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நிலையங்கள் சரிசெய்தன. மற்றவை பதிலே போடவில்லை.

கடைசி எபிசோட் வந்தது. நேவிகேட்டர் செத்துப்போனாள். ரஹீம் பாய் போன் செய்து, தெரிந்திருந்தும் தாங்க முடியவில்லை என்றார். பத்து நாள் கழித்து ஹார்லனின் கடிதம் வந்தது. நண்பர்களில் பாதிப்பேர் என்மேல் கோபமாக இருப்பதாகவும், அவர்களைக் குறை சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். கீழே தனியாக ஒரு வரி: "அவள் செத்த அன்று மற்ற எல்லோரும் அழுத அதே நிமிஷத்தில் நானும் அழுதேன், அது எனக்குப் புதிதாக இருந்தது, ஆனாலும் என் டிஷ்ஷைக் கெடுத்ததற்கு உங்களை முழுசாக மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்."

கதை எங்கே கசிகிறது என்று தேடிய அந்த வருஷத்தில், நாங்கள் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் படித்த ஒரே மனிதரைத்தான் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து பூட்டி வெளியே நிறுத்தினோம்.