வீட்டுக்கு வந்த கைஜாடை

1. முதல் நாள்

ஒரகடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனி. தகட்டை அடிக்கும் பெரிய மெஷின்கள் ஓடுகிற பிரஸ் ஷாப்புக்குள் காலை வைத்ததும் சத்தத்தில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சூப்பர்வைசர் பரமசிவம் என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து மூடினார். ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. கடைசியில் வெளியே இழுத்துப் போய்ச் சொன்னார். அவர் திருநெல்வேலிக்காரர்.

"தம்பி, உள்ள வாய்க்கு வேலையே கெடையாது பாத்துக்கோ. கையப் பாத்து நடந்துக்கணும்."

முஷ்டியைத் தூக்கினால் லைனை நிறுத்து. விரலைச் சுழற்றினால் ஓட்டு. வயிற்றைத் தட்டினால் கேன்டீன். மணிக்கட்டைத் தட்டினால் ஓ.டி., அதாவது ஓவர்டைம். ஒரே வாரத்தில் இதெல்லாம் கைக்கு வந்துவிட்டது.

2. வடக்குப்பட்டு வீடு

அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. எங்கள் வீடு வடக்குப்பட்டில். அப்பா, அம்மா, தம்பிகள் என்று எந்நேரமும் ஆள் இருக்கும். புதுப் பெண்டாட்டியோடு தனியாகப் பேச இடமே கிடையாது. அதனால் மல்லிகாவுக்கு பிரஸ் ஷாப் கைஜாடையைச் சொல்லிக்கொடுத்தேன். அத்தனை பேர் நடுவில் சமையற்கட்டிலிருந்து மணிக்கட்டைத் தட்டுவாள், இன்றைக்கு ஓ.டி.யா என்று. நான் விரலைச் சுழற்றுவேன், சாயங்காலம் வெளியே போகலாம் என்று. யாருக்கும் புரியாது. அவளுக்கு மட்டும் முகம் சிவந்துவிடும்.

அப்போது வாயாலும் பேசினாள். பேசினாள் என்றால் அப்படியொரு பேச்சு. மெல்லிய குரல், நடுநடுவே சிரிப்பு. சோறு போட்டுக்கொண்டே தெருக்கதை முழுக்கச் சொல்வாள். "கொஞ்சம் மூச்சு வாங்குடி" என்பேன். என்ன திமிர் எனக்கு.

3. ஒரு பக்கத்து பிளக்

கம்பெனி இயர் பிளக் கொடுக்காமல் இல்லை. ஆனால் நான் டை செட்டர் ஆகிவிட்டேன். டை என்பது தகட்டுக்கு உருக்கொடுத்து வெட்டும் அச்சு. அதன் முனை மழுங்கினால் அடிக்கிற சத்தம் மாறும். அதைக் கேட்க வேண்டும் என்று செட்டர்கள் எல்லோரும் வலது காதைத் திறந்துதான் வைப்போம். சேஃப்டி ஆபீசர் வந்தால் சொருகுவோம், போனதும் உருவிவிடுவோம். இடது காதில் இருந்ததும் ஒழுங்காக உள்ளே போகவில்லை, சும்மா வாசலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் காதுக்குள் கொய்ங் என்று கேட்கும். காலையில் நின்றுவிடும். நின்றுவிட்டதே, காது நன்றாக இருக்கிறது என்று நினைத்தோம். அந்தக் கொய்ங்தான் காது கொடுத்த எச்சரிக்கை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

4. ஒண்ணுமில்ல, வுடு

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் டிவி சத்தத்தை ஏற்றினேன். பிறகு மல்லிகாவைச் சொன்னதையே திரும்பச் சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவை கேட்டால், "ஒண்ணுமில்ல, வுடு" என்று போய்விடுவாள். உலகத்தில் எனக்குப் பிடிக்காத வார்த்தை அதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கைஜாடை மட்டும் மிஞ்சியது. வயிற்றைத் தட்டினால் சாப்பிடப் போனேன். வீடு அமைதியாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. வாசலில் பக்கத்து வீட்டு சாந்தியோடு மல்லிகா பேசிச் சிரிப்பாள். வாய் அசைவது தெரியும், குரல் வராது. சாந்தியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிந்தது. என் பெண்டாட்டியின் பேச்சு முழுக்க அவளுக்குப் போகிறதே என்று ஏக்கமாக இருந்தது.

5. கண்ணாடி அறை

மல்லிகாதான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். டெஸ்ட் எடுத்த பெண் கிராஃபைக் காட்டினாள். கோடு நேராகப் போய் ஒரு இடத்தில் சரிந்து இறங்கியது.

"சார், உங்களுக்கு லாரி சத்தம் கேக்கும். மெல்லிசான குரல், கீச்சுக் குரல்தான் மொதல்ல போயிடும். உள்ள இருக்குற சின்னச் சின்ன செல்லு செத்துட்டா திரும்ப வளராது. காதுல மெஷின் வெச்சா மிச்சம் இருக்கறத வெச்சு கேக்கலாம். முன்னாடியே வந்திருக்கலாம்." பிறகு மல்லிகாவிடம் திரும்பினாள். "வீட்ல எப்படிம்மா பேசிக்கிறீங்க?"

மல்லிகா கையைத் தூக்கி வயிற்றைத் தட்டிக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினாள்.

"கை வேணாம்மா. பேசுங்க. உங்க குரல் அவருக்குப் பழகணும்."

6. இப்போது லைனில் நிற்பவர்களுக்கு

பிளக்கை விரலால் உருட்டி மெலிசாக்கு. மறு கையால் காது மடலை மேலே, பின்னால் இழு. உள்ளே விட்டு, அது விரிகிற வரை பிடித்திரு. இரண்டு காதிலும் போடு. டை சத்தம் கேட்கவில்லை என்றால் அடித்து வந்த பீஸை எடுத்துப் பார், ஓரத்தில் பிசிறு இருந்தால் டை மழுங்கிவிட்டது. காதுக்குள் பைக் சாவி, தீக்குச்சி விடாதே. கொய்ங் என்றால் டாக்டரிடம் போ. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதே. நீ தள்ளுகிற நாளில் எல்லாம் வீட்டில் ஒருத்தர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வருவார்.

7. மெஷின் வந்த பிறகு

மெஷின் போட்டதும் எல்லாம் கேட்டது. ஃபேன் கேட்டது, என் செருப்புச் சத்தம் கேட்டது, அப்பளம் நொறுங்குவது தலைக்குள் இடி இடித்தது. மல்லிகாவின் வளையல் கேட்டது. மல்லிகா மட்டும் கேட்கவில்லை. பழக்க தோஷம், வந்து வயிற்றைத் தட்டிவிட்டுப் போனாள்.

"பேசேன்" என்றேன்.

"இன்னாத்த பேசறது" என்று உள்ளே போய்விட்டாள்.

ஒரு சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் எதிரே வந்து நின்றாள். கை எழும்புவதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். வளையல் சத்தம் கேட்டது. திறக்கவில்லை. மறுபடியும் வளையல். நானும் விடவில்லை.

"யோவ், இன்னாத்துக்குக் கண்ண மூடிக்கினு கீற? டீ வேணுமா, வேணாமா?"

அதே மெல்லிய குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. கண்ணுக்குள் தண்ணீர் முட்டியது, அதனால் இன்னும் இறுக்கி மூடினேன்.

"நல்லா கீது போ. அங்க சாந்தி வூட்ல பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்தி, அவ வூட்டுக்காரன் அவளப் புடிச்சி கத்திக்கினு கீறான். இங்க நீ கண்ண மூடிக்கினு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

நான் கண்ணைத் திறக்காமலே கேட்டேன்.

"அப்புறம்?"