கறிவேப்பிலைச் சாடியில் வந்தது

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்கு வேண்டாத விருந்தாளிகள் மூன்று பேர் வந்தார்கள்: நுளம்பு, பாம்பு, சித்தப்பா. நுளம்பை அடித்தோம். பாம்பைப் போத்தலில் அடைத்தோம். சித்தப்பாவுக்கு மட்டும் ஆடாத கதிரையாகப் பார்த்துப் போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தோம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில், ஒடுங்கிய சந்தொன்றில் மூன்றாம் மாடியில் இருந்தோம். ஊரில் நுளம்பு பொழுதுபட்ட பிறகுதான் வரும், அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு என்று அப்பா சொல்வார். இங்கே வந்த நுளம்புக்கு ஒழுங்கு ஒன்றும் இல்லை. பட்டப்பகலில், கால்களில் வெள்ளை வளையம் போட்டுக்கொண்டு, காற்சட்டைக்கு மேலாலேயே கடித்தது. புலி நுளம்பு என்றார்கள். கீழ்வீட்டுக் கிழவி அண்ணாந்து எங்கள் பல்கனியைப் பார்த்துக் கத்துவார். சாடிக்குக் கீழே தண்ணீர் தேக்கி வைத்து நுளம்பு வளர்க்கிறோமாம். எங்கள் பல்கனியில் இருந்தது ஒரே ஒரு சாடிதான். அது சித்தியின் கறிவேப்பிலை.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து மெசினாவுக்கு வந்தபோது, ஒரு கறிவேப்பிலைக் கன்றை வேரும் ஊர் மண்ணுமாக ஈரத்துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர். ஒரு வருடம் கழித்து அந்தச் சாடியை மடியில் வைத்தபடி, தனியாக ரயிலேறி எங்களிடம் வந்துவிட்டார். கூட வந்தது ஒரு சின்னப் பை மட்டும். “சித்திக்கு மெசினாக் காத்து ஒத்துக்கொள்ளேல்லை,” என்று அம்மா எனக்குச் சொன்னார். எனக்குப் புகையிரதத் தூசி ஒத்துக்கொள்ளாது. ஆகவே நம்பினேன்.

எனக்குச் சித்தியைக் கண்ட நாளிலிருந்தே பிடித்துவிட்டது. நாங்களெல்லாம் வெக்கையில் கையில்லாச் சட்டை போட்டுக்கொண்டு சொறிந்து சொறிந்து புண்ணாகிக் கிடந்தபோது, சித்தி மட்டும் மணிக்கட்டு வரை நீண்ட கைச்சட்டை போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். “நுளம்புக்குத்தான் பிள்ளை,” என்றார். இந்த வீட்டில் மூளையுள்ள ஒரே ஆள் இவர்தான் என்று முடிவு செய்து, நானும் பள்ளிக்கூடக் குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டேன். அரைமணி நேரத்தில் வேர்த்து ஊற்றியது. சித்தி ஒரு சொல்லும் சொல்லாமல் இப்படி எத்தனை நாள் இருக்கிறார் என்று வியந்தேன். அந்த வியப்பு இன்றும் குறையவில்லை, காரணம்தான் மாறிவிட்டது.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து சித்தியைக் கூட்டிக்கொண்டு போவதாகப் போனில் சொல்லியிருந்தார். போவது சித்திக்கு விருப்பமில்லை என்பது எனக்கே தெரிந்தது. அந்தப் போனுக்குப் பிறகு அவர் சோறு போட்டுவிட்டுச் சாப்பிட மறந்து எழும்பிப் போவார். ஆனால் அப்பா மனம் இளகவில்லை. “அவளின்ரை பெர்மெசோ அவரின்ரை பேரிலைதானே கிடக்கு? அவர் விட்டாரெண்டால் இவளுக்கு இந்த நாட்டிலை இருக்கேலாது. சமாளிச்சுப் போறதுதான் புத்தி,” என்று அம்மாவிடம் சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை. தங்குவதற்கான அந்த ஒரு அட்டைக்காக எத்தனை விடியற்காலைகள் வரிசையில் நின்றவர், அதைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கீழ்வீட்டுக் கிழவி, வீட்டுக்காரரிடம் சொல்லி எங்களை வீட்டைவிட்டே எழுப்பப் போவதாகக் கத்தினார். செடியை வேறு சாடிக்கு மாற்றும்படி அம்மா சித்தியிடம் சொன்னார். சித்தி நிலத்தில் கடதாசி விரித்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுச் சாடியைக் கவிழ்த்தார். அவருடைய கையில் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிய தடிப்புகள் இருந்தன. மெசினா நுளம்பு எங்கள் நுளம்பைவிடப் பெரியது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் மண்ணுக்குள்ளிருந்து கறுப்பாக, பளபளவென்று ஒன்று நெளிந்து வந்தது. பின்னாலேயே நூல் துண்டுகள் போலச் சின்னதாக இன்னும் சில.

“மண்புழு!” என்று கையை நீட்டினேன்.

“மண்புழு நாக்கு நீட்டாது பிள்ளை,” என்று சித்தி என் கையைப் பிடித்தார். “இது புழுப்பாம்பு. எங்கடை கிணத்தடியிலை கிடக்கிறது.”

பாம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா கதிரைமேல் ஏறிவிட்டார். எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் பயமில்லாதவர் என்று சொல்லி என்னை வளர்த்திருந்தார்கள். கதிரையில் நின்றபடியே கட்டளைகள் போட்டார். அடிக்கக்கூடாது, நாகதம்பிரான் கோபிப்பார். வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. குட்டி இருப்பதால் ஆண்பாம்பு ஒன்றும் இங்கேதான் எங்கேயோ இருக்கவேண்டும். “சோடி தேடி வராமல் விடாது,” என்றார். அரிசிச் சாக்கு, சப்பாத்து, சலவை மெசினுக்குப் பின்பக்கம் எல்லாம் தேடினோம். சித்தி மட்டும் தேடவில்லை. வெறுங்கையால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு ஊறுகாய்ப் போத்தலில் மண்ணோடு போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டார். பலெர்மோவிலேயே இப்படி ஒரு சித்தி வேறு யாருக்கும் இல்லை என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த நாள் அம்மா பகேரியாவில் தான் வேலை செய்யும் வீட்டுக்குச் சித்தியையும் என்னையும் கூட்டிப்போனார். பெரிய பழைய வீடு, பின்னால் எலுமிச்சைத் தோட்டம். போத்தலை அங்கே சத்தமில்லாமல் கவிழ்த்துவிட்டு வருவதுதான் அம்மாவின் திட்டம். ரயிலில் அம்மா எங்களைத் தெரியாதவர் மாதிரி நாலு இருக்கை தள்ளிப் போய் இருந்தார்.

அந்த வீட்டு சிஞ்ஞோரா, ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியை. போத்தலில் என்ன என்று என்னிடம் கேட்டார். ஆசிரியை கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்றுதான் எனக்குப் பழக்கம். சொல்லிவிட்டேன். அம்மா பின்னாலிருந்து என்னைக் கிள்ளினார். சிஞ்ஞோராவோ பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

தோட்டத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் முதலில். பிறகு அங்கேயே பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. சித்திக்கு இத்தாலிய மொழி அவ்வளவாக வராது என்பதால், நான் நடுவில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். புலி நுளம்பு பழைய டயருக்குள் தேங்கிய தண்ணீரில் முட்டையாகக் கப்பலேறி வந்ததாம். இந்தப் பாம்பு பூச்சாடி மண்ணில் ஒளிந்து உலகம் முழுக்கப் போய்விட்டதாம். வெக்கையான தீவுகளில் எது எதிலோ எல்லாம் குடியேறியிருக்கிறதாம். கண் சரியாகத் தெரியாது, எறும்பு முட்டை தின்னும், ஒருவரையும் கடிக்காது. இதையெல்லாம் சித்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆண்பாம்பைத்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று நான் சொன்னேன். சிஞ்ஞோரா சிரித்துவிட்டார்.

“சித்தி, இதிலை ஆம்பிளையே கிடையாதாம். எல்லாம் பொம்பிளையளாம். தனிய ஒண்டு போய்ச் சேர்ந்தால் காணுமாம், அது தானே முட்டை போட்டுக் குடும்பமாகிவிடுமாம்.”

சித்தி தலையாட்டுவதை நிறுத்தினார். “வடிவாக் கேட்டனியே?”

“ஓம்.”

“இன்னொருக்காக் கேள்.”

கேட்டேன். சிஞ்ஞோரா அதையே சொன்னார்.

“சோடியெண்டு ஒண்டும் தேடி வராதாமோ? அதையும் கேள்.”

எனக்குச் சலிப்பாக இருந்தது. ஒரே விசயத்தை எத்தனை தரம் கேட்பது? கேட்டேன். தேடி வருவதற்கு ஆளே இல்லையே என்று சிஞ்ஞோரா கையை விரித்தார். அதற்குத் தமிழ் தேவைப்படவில்லை. சித்தி போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது போத்தல் சிஞ்ஞோராவின் மேசையில் இருந்தது. அம்மா ரயில் முழுக்க என்னை ஏசினார். சித்தி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

சித்தி பிறகு அதே பகேரியாவில் ஒரு வயோதிபரைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். கேஸ்துரா என்ற பொலிஸ் கந்தோருக்கு அப்பாவோடு நடையாய் நடந்து, தன் பெயரில் ஒரு பெர்மெசோ எடுத்தார். அதற்கு எவ்வளவு காலம் எடுத்தது, இடையில் எவ்வளவு பயந்தார் என்பதெல்லாம் அண்மையில்தான் எனக்குச் சொன்னார். இன்று அவருடைய வீட்டுக் கறிவேப்பிலை கூரையைத் தொடுகிறது. பலெர்மோத் தமிழரில் பாதிப்பேர் அதில் இலை இணுங்கித்தான் தாளிக்கிறார்கள். நான் எங்கே தனியாகப் போய் நிற்கவேண்டி வந்தாலும் சித்தியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சித்தப்பா இனிப்புப் பெட்டியோடு வந்து, ஆடாத கதிரையில் இருந்து, அப்பாவோடு நல்ல தன்மையாகக் கதைத்துக்கொண்டிருந்தார். அப்பாவும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது சித்தி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். அம்மாவின் கையில்லாச் சட்டையைப் போட்டிருந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி வெளிச்சத்தில் நின்றார்.

“நான் வரேல்லை,” என்றார்.

அப்பா சித்தியின் கைகளைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். குடிக்காத கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்தார். “நீர் போம்,” என்றார்.

பெரியவர்கள் எல்லாரும் இப்படிச் சிலைபோல நிற்க, உருப்படியான காரியம் ஒன்றைச் செய்தது நான்தான். உள்ளே ஓடிப்போய்ச் சித்தியின் நீண்ட கைச்சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

“போடுங்கோ சித்தி,” என்றேன். “கதவு திறந்து கிடக்கு, நுளம்பு கடிக்கும்.”