இடப்பக்கம் உட்கார்ந்த சம்பந்திகள்

தோப்பும்படி சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரை ஒரு பஸ் பின்னாலிருந்து இடித்து வருஷம் இரண்டாகிறது. காருக்குப் புது பம்பர் போட்டாயிற்று. என் கழுத்துக்கு அந்த யோகம் இல்லை. வலப்பக்கம் ஏதோ திரும்பும், இடப்பக்கம் ம்ஹும். எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் நன்றாக இருந்ததுதான் எனக்குப் பிடித்த சனி. எலும்பு சரி, ஆள்தான் சரியில்லை, எல்லாம் நடிப்பு என்று என் மனைவி மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

இந்த லட்சணத்தில் என் மகளைப் பெண் பார்க்க ஆலுவாவிலிருந்து வந்தார்கள். பையன் அவளே பிடித்துக்கொண்ட பையன். இது தவறினால் அவள் முகத்தில் நான் விழிக்க முடியாது. மனைவி காலையிலேயே என் கழுத்துப்பட்டையைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். பட்டையைப் பார்த்தால் குடும்பத்தில் ஏதோ வியாதி என்று நினைப்பார்களாம். வருகிறவர்களை வலப்பக்கம் உட்கார வைக்கிறேன், கழுத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது, கடைசியில் தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்றாள். எங்கள் ஆட்களில் பெண்ணின் அப்பா தலையாட்டினால்தான் பேச்சு மேலே நகரும்.

பையனின் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. நேரே போய் இடப்பக்கம் இருந்த டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்தார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். எனக்கு முன்னால் டீப்பாய், பின்னால் சுவர். நாற்காலியோடு திரும்பவும் வழியில்லை. வலப்பக்கத்துக் காலி நாற்காலிகளைப் பார்த்து, வாங்க வாங்க என்று இளித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஏதோ கேட்டதற்கெல்லாம் காலண்டரைப் பார்த்துப் பதில் சொன்னேன். 

மகள் சாயாத் தட்டோடு வந்தபோது பையனின் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அப்பாவுக்கு இஷ்டமில்ல போலிருக்கே மோளே. எங்க பக்கம் ஒருக்காகூட பாக்கலியே."

நான் வாயைத் திறந்தேன். அடுக்களை வாசலிலிருந்து மனைவி முறைத்தாள். மூடிக்கொண்டேன்.

மகள் தட்டைக் கீழே வைத்தாள். டீப்பாயைக் காலால் தள்ளினாள். என் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, என்னையும் சேர்த்துக் கிறீச்சென்று அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"எங்க அப்பாவுக்குக் கழுத்து திரும்பாது. வண்டி இடிச்சதுல பட்டது, இனிமே சரியாகுமான்னும் தெரியாது. அவ்வளவுதான் காரியம். எனக்கு சம்மதம்."

கல்யாணப் பெண் சபையில் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பையனைப் பார்த்தேன். நல்ல முகம், பாவி. இவள் என்னை விட்டுப் போகப்போகிறாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் ஆட்டு ஆட்டினேன். உயிர் போய்த் திரும்பி வந்தது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

மகளை அனுப்புகிற அப்பாவுக்கு இருக்காதா என்று பையனின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் மனைவியும் அழுதாள். வெறும் கழுத்துவலிதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதி பொய்யாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.