வெர்லீன் மேப்ரி பெயருக்கு வந்த மூன்று கடிதங்கள்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரின் வடக்குப் பகுதியில் வெர்லீன் மேப்ரியைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்தாறு வருடமாக ஒரே தடத்தில் நகரப் பேருந்து ஓட்டியவள். பனி கொட்டுகிற காலையிலும் நிறுத்தத்தை நோக்கி ஓடிவரும் ஆளுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பாள், ஏறிய பிறகு, "ஏம்ப்பா, உங்க வீட்டுல கடிகாரமே இல்லையா?" என்று ஒரு குத்தும் வைப்பாள்.

அவள் கணவன் ஓட்டிஸ் இறந்தபோது மகள் டெல்ஃபினுக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து அந்தப் பெண் பள்ளியில் வாயே திறக்கவில்லை. படித்தது எல்ம்கேட் பள்ளியில். பழைய செருப்புத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நடந்த சார்ட்டர் பள்ளி அது. அரசுப் பணத்தில் நடக்கும். ஆனால் நடத்துவது அதற்கென்று அமைந்த ஏழு பேர் குழு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதைத் தொடங்கியவரும் முதல்வரும் கோர்டெல் ஹாஸ்கின்ஸ். அவர் டெல்ஃபினிடம் எதுவும் கேட்கவில்லை. தினமும் மதியம் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். நான்கு மாதம். ஒருநாள் அவர் கழுத்து டை சூப்பில் விழுந்தது, டெல்ஃபின் சிரித்துவிட்டாள். அன்று மாலை வெர்லீன் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதாள்.

ஆகவே குழுவில் பெற்றோர் சார்பாகச் சேரச் சொல்லி கோர்டெல் கேட்டபோது மறுக்கத் தோன்றவில்லை. சில வருடத்தில், பழைய தலைவர் ஊரைவிட்டுப் போனதும், தலைவர் நாற்காலியும் அவளிடம் வந்தது.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், கோர்டெல்? நான் வண்டி ஓட்டறவ."

"கை தூக்கத் தெரியுமில்ல? அது போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆறு வருடம் அப்படித்தான் போனது. மாதத்தின் மூன்றாவது செவ்வாய், மாலை ஆறு மணி, பள்ளி நூலகம். மேசையில் பொரித்த கோழி இறக்கைகள். கோர்டெல் அறிக்கை படிப்பார், குழு கை தூக்கும். சவ அடக்க நிலையம் நடத்தும் குழு உறுப்பினர் அலோன்சோ கிரப்ஸ், "நம்ம கூட்டத்தைவிட என் கடையில சத்தம் ஜாஸ்தி" என்பார். டிசம்பர் கூட்டத்தில் கோர்டெல் ஒரு வரி சொன்னார்: "போன வாரம் ஒரு குழந்தை விழுந்து அடிபட்டுச்சு. குடும்பத்தோட பேசிட்டோம்." வெர்லீன், "பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனாள். அடுத்த விஷயம் கூரை ஒழுகல்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தாள். பனி ஒட்டிய காலணியைக் கழற்றாமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் உண்டு. எப்போதும் யாரும் வராததால் நேரம் அளக்கும் கருவியை வெர்லீன் பையிலிருந்து தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"என் பேரு ஷவோண்டா ரிடிக். என் மக அமாயா, மூணாம் வகுப்பு. அவளுக்கு வலிப்பு உண்டு. கீழ விழற வலிப்பு இல்ல. சும்மா பாத்துக்கிட்டே நின்னுடுவா, பத்து செகண்டு, இருபது செகண்டு. அப்ப நீங்க என்ன சொன்னாலும் அவளுக்குக் கேக்காது. இங்க டீச்சருங்க அதைத் திமிருன்னு நெனச்சு அமைதி அறையில தனியா உக்கார வெச்சாங்க. டிசம்பர்ல அந்த அறையில அவளுக்குப் பெரிய வலிப்பு வந்துச்சு. ஹீட்டர் இரும்புல தலை மோதிச்சு. இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் கதவைத் திறந்தாங்க."

கிரப்ஸ் கையிலிருந்த கோழி இறக்கையைத் தட்டில் வைத்தார்.

"இப்ப அவ ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தா, அந்த வார்த்தை வர்றதுக்குள்ள அழுதுடறா. வலது கையில பென்சில் நிக்கல. மிஸ் மேப்ரி, உங்களுக்கு நான் மூணு லெட்டர் போட்டேன். ரெண்டு லெட்டர் அவ விழறதுக்கு முன்னாடி. ஏன் ஒண்ணுக்குக்கூட பதில் போடல?"

கருவியில் இன்னும் நாற்பது நொடி மிச்சமிருந்தது. ஷவோண்டா அந்த நாற்பது நொடியும் நின்றுகொண்டே இருந்தாள். வெர்லீன் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவி மணியடித்ததும் அந்தப் பெண் வெளியே போய்விட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு வெர்லீன் கோர்டெல் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"என் பேருக்கு லெட்டர் வந்துச்சா?"

"குழுவுக்கு வர்ற தபாலெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். நீதானே அப்படி இருக்கட்டும்னு சொன்னே."

"வந்துச்சா, இல்லையா?"

அவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து மூன்று உறைகளை வைத்தார். மூன்றும் பிரிக்கப்பட்டிருந்தன. "அந்த அம்மா எல்லாத்துக்கும் எழுதுவாங்க, வெர்லீன். பஸ் லேட்டுன்னு எழுதுவாங்க, சாப்பாடு ஆறிப்போச்சுன்னு எழுதுவாங்க. எனக்கு இருநூத்திச் சொச்சம் பிள்ளைங்க. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நெனச்சேன்."

"அமைதி அறைக்கு ஆள் வெக்கலியா?"

"ஒரு உதவியாளர் வேலையை விட்டு நின்னுட்டாங்க. வேற ஆள் கிடைக்கல." அவர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "நான் அந்தக் குழந்தையைப் பாக்க ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை போனேன். உள்ள விடல."

வெர்லீன் காரில் உட்கார்ந்து கடிதங்களைப் படித்தாள். முதலாவது அக்டோபரில் எழுதியது. மரியாதையான, கொஞ்சம் கூச்சமான கையெழுத்து: என் மகள் பகல்கனவு காணவில்லை, தயவுசெய்து அவளைத் தனியாக விடாதீர்கள். இரண்டாவது நவம்பரில், மருத்துவர் தந்த தாளின் நகல் கூட இருந்தது. மூன்றாவதில் இரண்டே வரி: நடந்துவிட்டது. உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். மூன்று உறைகளின் மேலும் அவள் பெயர், கீழே 'தலைவர், நிர்வாகக் குழு'.

மறுவாரம் குழு வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை விசாரிக்க நியமித்தது. கேள்வி கேட்டுப் பழகாதவர்கள் கேட்கத் தொடங்கியபோது ஒவ்வொன்றாக வந்தது. அந்த அறைக்கு எழுதிய விதிமுறை எதுவும் இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் மட்டும் பதினேழு குழந்தைகள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஓர் அறை இருக்கலாமா என்று குழு ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை. இருப்பதே குழுவில் ஐந்து பேருக்குத் தெரியாது. வெர்லீனுக்குத் தெரியும். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தபோது கோர்டெல் காட்டியிருந்தார். சுவருக்கு வெளிர்நீலம் அடித்தது நன்றாயிருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள்.

மார்ச்சில் கோர்டெலை நீக்குவதா என்று முடிவெடுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"தப்பு நடந்திருச்சு, ஒத்துக்கறேன்," என்றார் கிரப்ஸ். "ஆனா அந்த மனுசன் இல்லாம இந்தப் பள்ளிக்கூடம் ஒரு வருசம் தாங்காது. அடக்கத்துக்கு நாள் குறிக்கறது என் தொழிலு, வெர்லீன். எனக்குத் தெரியும்."

"தாங்காமப் போகலாம்."

"உன் மகளைப் பேசவெச்சது யாரு?"

"அவருதான்," என்றாள் வெர்லீன். "அதனாலதான் ஆறு வருசமா நான் அவருகிட்ட ஒரு கேள்வி கேக்கல."

ஓட்டு மூன்றுக்கு மூன்று. தலைவர் கடைசியில் போட வேண்டும். கை மேலே போக மறுத்தது. மறு கையால் முழங்கையைத் தாங்கித்தான், நீக்கலாம் என்று தூக்கினாள். அதோடு தபால் நேராகக் குழுவுக்கு வர வேண்டும், ஒவ்வொரு புகாரும் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும், அந்த அறைக் கதவைக் கழற்ற வேண்டும் என்று தீர்மானங்கள் போட்டார்கள். எல்லாம் சரியான தீர்மானங்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்தன. ஆறு வருடத்தில் அந்த ஒரு மணி நேரம் கிடைக்காமலா போயிற்று என்று அவள் பிறகு பலமுறை நினைத்தாள்.

ஷவோண்டாவின் அடுக்ககத்துக்கு அவள் போனது ஏப்ரலில். ஷவோண்டா பள்ளிமேல் போட்ட வழக்கு இருக்கிறது, போகக் கூடாது என்று குழுவின் வழக்கறிஞர் சொல்லியிருந்தார். வாசல் கதவு பாதி திறந்தது. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம். சோபாவில் ஒரு சிறுமியின் பின்னந்தலை, ஒரு பக்கம் முடி புதிதாக வளர்ந்துகொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் வெர்லீன். "அது சாக்கு இல்ல. தெரிஞ்சுக்க வேண்டியது என் வேலை. நான் செய்யல."

ஷவோண்டா கதவைப் பிடித்தபடியே பேசினாள்.

"வேலைக்கு உங்க வண்டியிலதான் போவேன், மிஸ் மேப்ரி. ஆளுக்காக நிறுத்திக் காத்திருப்பீங்க. அதைப் பாத்துத்தான் ஸ்கூலுக்கு எழுதாம உங்க பேருக்கு எழுதினேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அந்தக் கோடையில் தாயும் மகளும் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கோர்டெல் அதன்பின் அவள் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை. மிசிசிப்பியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. பேருந்தில் ஏறும் சில பெற்றோர் அவளைப் பார்த்து, "எங்க ஹாஸ்கின்ஸைத் துரத்தினவ" என்று காதுபடவே சொன்னார்கள். அவள் கதவை மூடி வண்டியை எடுத்தாள். சிகாகோவில் வேலை பார்த்த டெல்ஃபின் தொலைபேசியில், "அம்மா, நீ செஞ்சது சரி. ஆனா என்னால இப்ப உன்கூடப் பேச முடியல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கிரப்ஸ் சொன்னது நடந்தது. புதிய முதல்வர் நல்லவர், விவரமானவர். ஆனாலும் செப்டம்பரில் அறுபது குழந்தைகள் திரும்பி வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது என்று கடிதம் வந்தது. இந்தமுறை உறையை வெர்லீனே பிரித்தாள்.

ஜூனில் பள்ளியை மூடுவதற்குள் மிச்சமிருந்த நூற்று ஐம்பத்து மூன்று குழந்தைகளுக்கும் வேறு பள்ளி பார்த்துத்தர வேண்டும். அலுவலகத்தில் ஆள் குறைவு. வெர்லீன் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டியலோடு நூலகத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் தானே தொலைபேசியில் பேசினாள். பிள்ளைக்கு என்ன வியாதி, என்ன பயம், யாரோடு ஒட்டும் என்று கேட்டு எழுதி, புதுப் பள்ளிக்கும் பேசிச் சொன்னாள். சிலர் ஏசினார்கள். சிலர் அழுதார்கள். ஒரு தகப்பன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, "இதெல்லாம் இதுக்கு முன்னாடி யாரும் எங்ககிட்ட கேட்டதில்லையே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். வெர்லீன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஹலோ? மிஸ் மேப்ரி? இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள். "பிள்ளைக்குக் கண்ணாடி உண்டா, இல்லையா? அதை இன்னும் சொல்லல நீங்க."